இடது கை ஆட்டக்காரி

ஆடி 10, சனிக்கிழமை

மாடி ரூம்ல, திரைய பாத்து பந்தடிச்சி ஆடுற கோல்ஃப் சிமுலேட்டர் போடணும்னு கேட்டதே எம்பொண்ணு செல்விதான். பத்தாவது படிச்சிக்கினு இருந்தா. அவ போயி ஆவணி வந்தா ஒரு வருஷம். பாதியில நிக்கிற வேலைய முடிச்சிடலாம்னு, பந்து போற வேகத்த அளக்குற லாஞ்ச் மானிட்டருக்காக இன்னிக்கு கடைக்கு போன் பண்ணேன்.

"வீட்ல லெஃப்ட் ஹேண்டர் இருக்காங்களா சார்? இருந்தா சீலிங்ல மாட்டுறது வாங்குங்க, ரெண்டு கைக்கும் ஆகும். இல்லன்னா தரையில வைக்கிறதே போதும்."

"இல்ல"ன்னு சொல்லி போன வெச்சிட்டேன்.

துணி மடிச்சிக்கினு இருந்த எம் பொண்டாட்டி சாந்தி நிமிர்ந்து பாத்தா. "இன்னாத்துக்கு இல்லன்ன? சோறு துன்னும்போது பீச்சாங்கை மேல அடிச்சி அடிச்சி எம்பொண்ண மாத்துனேன். இந்த ஆட்டத்துலதான் அவ கையால ஆட உட்டோம். மேல மாட்டுறதையே சொல்லு."

மறுபடி போன் போட்டேன். "பொண்ணுக்கு இடது கை"ன்னேன்.

"எவ்ளோ உயரம் சார்? இன்னும் வளருவாங்களா? மட்டைய ஓங்குனா சீலிங்ல இடிக்கக் கூடாதுல்ல."

என் தோள் வரைக்கும்னு சொன்னேன். "இனிமே வளர மாட்டா"ன்னும் சொன்னேன்.