கோடு போட்ட வைஸ்ராய்

செப்டம்பர் 3, புதன்
நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கும் புதரை வெட்டிக் கார் நிறுத்தப் போகிறார்களாம். என் வாய் சும்மா இருக்குமா? "அங்க மோனார்க் வருது சார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிற பட்டாம்பூச்சி. அந்தப் பால் வடியிற செடியிலதான் முட்டை போடும்" என்றேன். மருத்துவமனை மேலாளர் தலையைத் தூக்காமலே, "படம் காட்டுங்க, பாப்போம்" என்றார். நான் அதைப் பார்த்ததே ஒரு தடவைதான். அதுவும் ஓரக்கண்ணால்.

செப்டம்பர் 4, வியாழன்
மாட்டிக்கொண்டது! ஆரஞ்சுச் சிறகு, கறுப்பு நரம்பு, ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மேலாளருக்குப் படம் போனது, வெட்டு வேலை நின்றது. வீட்டுக்காரர், "என்னை என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கியா?" என்கிறார். பறந்து காட்டட்டும், பார்க்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி
மண்ணைக் கவ்வினேன். பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்புக் குழுவுக்கும் அந்தப் படத்தை அனுப்பியிருந்தேன்; அங்கிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். "பின்சிறகுல குறுக்கே கறுப்புக் கோடு ஓடுது பாரும்மா. இது வைஸ்ராய். மோனார்க் மாதிரியே வேஷம் போடும்." ராஜாவுக்குக் காத்திருந்தால் வைஸ்ராய் வந்து போஸ் கொடுத்திருக்கிறார். மயிரிழை எலும்பு முறிவைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் கண் இது. தூ!
சொல்லாமல் விட்டால்தான் என்ன? மேலாளருக்குக் கொசுவுக்கும் பட்டாம்பூச்சிக்குமே வித்தியாசம் தெரியாது. ஆனால் — ஒருத்தர் காலை இன்னொருத்தர் கால் என்று ரிப்போர்ட் கொடுப்பேனா?

செப்டம்பர் 6, சனி
சொல்லித் தொலைத்தேன். "அப்ப திங்கக்கிழமை வெட்டிடலாம்" என்றார். அரிச்சந்திரனுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு
நாள் முழுக்கப் புதரில். எறும்பு வந்தது. கடித்தது.

செப்டம்பர் 8, திங்கள்
வெட்டுகிறவர் மெஷினோடு வந்துவிட்டார். மேலாளர் அளவு நாடாவை நீட்டிக்கொண்டு புதருக்குள் இறங்கினார். அவர் முழங்காலுக்குப் பக்கத்துப் பூவில் வந்து உட்கார்ந்தது அது. "மூச்சை இழுத்துப் பிடிங்க! அசையாதீங்க!" என்று கத்திவிட்டேன். பழக்கதோஷம். மனிதர் சிலையாகிவிட்டார். முகம் சிவந்தது. நான் விடவில்லை. சிறகு விரிந்தது — கோடு இல்லை. பின்சிறகுகளில் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு. ஆண் மோனார்க். பதினோரு படம் எடுத்தேன்.
"விடலாமா?" என்றார் உதட்டோரத்தில்.
"விடுங்க சார்."
மூச்சை விட்டார். குனிந்து பார்த்தார். அது கிளம்பிச் சுவரைத் தாண்டும்வரை நிமிரவேயில்லை. "இது எவ்ளோ தூரம் போகும்னு சொன்னீங்க?"

செப்டம்பர் 22, திங்கள்
நல்ல மழை. மேலாளர் தெருக்கோடியில் காரை விட்டுவிட்டு நனைந்துகொண்டே வந்தார். நேராக என் அறைக் கதவைத் தட்டி, "இலைக்கு அடியில வரி வரியா ஒரு புழு இருக்கு. அதோடதா?" என்றார்.