மூடிய கதவுக்குள் கீறல்

மார்ச் 4, செவ்வாய்

என்னைக் கேட்காமல் என் காரை இயந்திரத்தில் விட்டுக் கழுவி, அதன் பெயின்டை நாசமாக்கிவிட்டாள் என் மகள். நடந்தது இதுதான். மற்றதெல்லாம் சமாதானப் பேச்சு.

போன வாரம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மகள் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்ன, பிடித்து வைத்திருந்தாள். காரும் அவளிடம்தான் இருந்தது. இன்று காலை டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்றார். வெளியே வந்தேன். மருத்துவமனை வாசலில், நல்ல வெயிலில், என் கார் நின்றது. பக்கத்தில் அவள் சாவியோடு நின்றாள்.

"எப்படி இருக்கு, பாருங்கப்பா!"

பார்த்தேன். கருநீலப் பெயின்டில், முன்பக்க பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல மெல்லிய வட்டக் கீறல்கள். வெயில் பட்ட இடமெல்லாம் கீறல்.

"என்னத்தைப் பண்ணி வெச்சிருக்க?"

"பெட்ரோல் பங்க்ல கார் வாஷ்ல விட்டேன்பா. பளபளன்னு வந்துச்சே…"

"யாரைக் கேட்டு விட்ட?"

நேரே என் வீட்டுக்கே ஓட்டச் சொன்னேன். எத்தனை வருஷமாக தினமும் காலையில் என் கையால் துடைத்த வண்டி! கண் மங்கி ஓட்டுவதை நிறுத்திய பிறகும் துடைப்பதை நிறுத்தியதில்லை. ஒரே ஒரு தடவை வேறு கையில் கொடுத்தேன். கைகூட இல்லை. பிரஷ்!

மார்ச் 5, புதன்

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவளை வெளியே காரிடம் இழுத்துப் போய் காட்டு காட்டு என்று காட்டினேன். இது பானட், இது கதவு, இது உன் மூளை வேலை செய்த லட்சணம்.

"உங்களுக்கு நான் முக்கியமா, இந்த டப்பா முக்கியமாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். டப்பா என்று சொன்னதற்குத்தான் எனக்குப் பேச்சு வரவில்லை. அது அவளுக்கு எங்கே புரியப்போகிறது.

அந்தக் கோபத்திலும் மருந்தைச் சரியாகக் கண்ணுக்குள் விட்டாள். கை நடுங்கவில்லை. அது என் ரத்தம். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இனிமே உங்க வண்டியை நான் தொடமாட்டேன். நீங்களா கூப்பிட்டாத்தான் இந்த வீட்டுப் பக்கமும் வருவேன்" என்று போய்விட்டாள்.

கூப்பிட வேண்டுமாமே. தப்புப் பண்ணியவள் அவள்.

மார்ச் 6, வியாழன்

சொட்டு மருந்தை நானே விட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில் போயிற்று.

மார்ச் 8, சனி

அந்தப் பெட்ரோல் பங்குக்கு நடந்தே போனேன். வண்டியைத் துடைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. சாட்சி கலையக்கூடாது.

நான் லிஃப்ட் பழுது பார்த்தவன். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டேன். உள்ளே பார்க்காத இயந்திரத்தை இதுவரை நம்பியதில்லை. ஆகவே கார் வாஷ் எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

கார் உள்ளே போகிறது. தண்ணீர் பீய்ச்சுகிறது. நுரை விழுகிறது. பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் இரண்டு பிரஷ், மேலே படுத்திருக்கும் ஒரு பிரஷ் எல்லாம் சுற்றிக்கொண்டே உரசிப் போகின்றன. கடைசியில் காற்று. வெளியே வரும்போது புது மாப்பிள்ளை போலத்தான் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் போனது சக்கரம் வரை சேறு அப்பிய சரக்கு வேன். அடுத்தது வெள்ளைக் கார். இரண்டுக்கும் அதே பிரஷ்.

மேற்பார்வையாளர் இளம் வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

"ஐயா, இது மெத்துன்னு இருக்குற துணி பிரஷ். கீறவே கீறாது."

"துணி கீறாது தம்பி. அதுல ஒட்டுன மண்ணு கீறும். அந்த வேன்ல இருந்த மண்ணு எங்க போச்சு?"

"அதான் தண்ணி ஓடிட்டே இருக்கே ஐயா."

"தண்ணி ஓடுனா மண்ணு போயிடும்னா ஆத்துல மண்ணே இருக்கக் கூடாதே?"

வரிசையில் நின்ற டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். "பெருசு, வண்டியக் கழுவ வந்தீங்களா, இவரக் கழுவ வந்தீங்களா?"

மேற்பார்வையாளர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். கீறலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கீறாத இயந்திரத்துக்கு இந்தப் பலகை எதற்கு என்று கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, "இது சமாதானம் இல்ல, தாகம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு மதியம் மகள் சாப்பாடு கொண்டுவருவாள். பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு கழுவி வைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மாடியில் குடியிருப்பவரைப் படியில் பார்த்தேன். "என்ன சார், காலைல ஆளையே காணோம்? நீங்க வண்டி துடைக்கிறதப் பாத்துதான் எனக்கு மணியே தெரியும்" என்றார்.

இந்த நாலைந்து நாளில் என்னிடம் ஒருவர் தானாக வந்து பேசியது இதுதான். காலையில் வண்டி துடைத்தால் வாசலில் நிற்பேன். நின்றால் பால்காரர் ஒரு வார்த்தை, நடைப்பயிற்சி போகிற அம்மாள் ஒரு வார்த்தை, மாடியில் இருப்பவர் உலக நடப்பு முழுவதும். துடைக்காவிட்டால் நான் நிற்க அங்கே என்ன வேலை இருக்கிறது? சும்மா நின்றால் ஆள் ஒரு மாதிரி என்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். இன்று பேசினார்.

"மாமா, நான் நடுவுல வர்றதா நினைக்காதீங்க. உங்களுக்குக் கண்ணு தெளிஞ்சு வெளிய வந்ததும் வண்டி புதுசு மாதிரி இருக்கணும்னுதான் அவ கழுவுனா. ரெண்டு நாளா அதையேதான் சொல்லிட்டிருந்தா."

"நல்ல எண்ணம் இருந்தா கீறல் போயிடுமா?"

"போகாது மாமா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. சாப்பாடு குடுத்துவிட்டா. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுவீங்களாம். நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னா."

நானே கூப்பிட்டால்தான் வருவாளாம். பாத்திரம் மட்டும் கூப்பிடாமல் வருகிறது. அவள் அம்மாவும் இருந்தவரை இப்படித்தான். சண்டை ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம்.

சாப்பிட்டேன். ஆறிவிட்டது. மாப்பிள்ளை போன பிறகு அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் ஆறாதா என்ன?

மார்ச் 12, புதன்

மருத்துவமனையிலிருந்து நர்ஸம்மா பேசினார். இடது கண்ணுக்கு இருபதாம் தேதி, வியாழக்கிழமை.

"கூட யார் சார் வருவாங்க?"

"வருவாங்க."

"பேரும் நம்பரும் சொல்லுங்க. துணைக்கு ஆள் இல்லாம டாக்டர் செய்யமாட்டார். போன தடவை உங்க மக வந்தாங்கல்ல, அவங்க நம்பரே இருக்கட்டுமா?"

அவரே "சரி, இருக்கட்டும்" என்று எழுதிக்கொண்டார்.

மகள் இல்லாமல் யார்? மாடியில் இருப்பவருக்கு முழங்கால் வலி. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேரின் எண் என்னிடம் இல்லை. வாடகைக் காரில் தனியாகப் போய், டிரைவரையே தம்பி என்று சொன்னால் என்ன? என் முகத்தில் பொய் நிற்காது.

இடது கண் இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கண் போதாதா, ஒருத்தனாக இருக்கிறவனுக்கு.

இல்லை. இப்படியெல்லாம் எழுதக்கூடாது. இது அழுகுணித்தனம்.

மார்ச் 14, வெள்ளி

மறுபடி பங்குக்குப் போனேன். நான் வந்ததும் மேற்பார்வையாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்ஸிக்காரரும் இருந்தார். "வாங்க இன்ஸ்பெக்டர்!" என்றார்.

இன்று பிரஷ் போகும் வழியை மட்டும் கவனித்தேன். மேல் பிரஷ் உருளை மாதிரி உருண்டு, முன்னாலிருந்து பின்னால் போகிறது. பக்கத்துப் பிரஷ்களும் முன்னிருந்து பின்னாகத்தான். ஒரு கறுப்புக் காரில் விட்டுப்போன நுரையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கோடு கோடாக, நேராக இருந்தது. இந்த இயந்திரம் கீறினால் நேராகத்தான் கீறும்.

வீட்டுக்கு வந்து என் வண்டியின் கூரையைப் பார்த்தேன். நீளவாக்கில் நேர்க்கோடுகள் இருக்கின்றன. சீப்பால் வாரியது போல. பிடிபட்டான் திருடன்! சந்தேகமே இல்லை, இயந்திரம்தான்.

பானட்டைப் பார்த்தேன். அங்கேயும் அந்த நேர்க்கோடு சில. ஆனால் அதற்கு அடியில் வட்டம். வட்டத்துக்குமேல் வட்டம். ஒரு கையை ஊன்றி இன்னொரு கையைச் சுழற்றினால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அந்த அளவு வட்டம்.

வேண்டாம் என்று தோன்றியது. ஆனாலும் திறந்தேன். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்விளிம்பைப் பார்த்தேன். பெயின்ட் அடித்த அந்த உள்விளிம்பையும் நான் விட்டதில்லை. தினமும் பழைய பனியன் துணியால் ஒரு சுற்று.

அங்கேயும் அதே வட்டங்கள்.

மூடிய கதவுக்குள் எந்த பிரஷ் போகும்?

மார்ச் 15, சனி

காலையில் வெயில் வந்ததும் காரின் முன்னால் நின்றேன். வலது கண்ணைக் கையால் மூடினேன். புரை எடுக்காத இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். பானட்டில் ஒரு குறை இல்லை. வழவழவென்று, நேற்றுத்தான் கடையிலிருந்து வந்தது போல நின்றது, இத்தனை வருஷம் நான் பார்த்த கார். கையை மாற்றினேன். கீறல். மறுபடி மாற்றினேன். கண்ணாடி போல.

பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, வண்டிக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்றார்.

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

துணியை நனைத்ததே இல்லை நான். இரவெல்லாம் படிந்த தூசியைக் காய்ந்த பனியனால் தேய்த்தால் அது துடைப்பதா, உப்புத்தாளா? சேற்று வேனைப் பார்த்து அந்தத் தம்பியிடம் நியாயம் பேசினேனே, மண் கீறும் என்று. அந்த நியாயத்தை என் வாசலில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கவில்லை. வண்டி ஓடுவதே இல்லை, தினமும் எதற்கு அவ்வளவு துடைத்தேன்? யாராவது நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று, ஒரு சுற்று போதும் என்கிற இடத்தில் பத்துச் சுற்று.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். அன்று மருத்துவமனை வாசலில் அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள்? தெரியவில்லை. கண் தெளிந்து முதலில் பார்த்தது பானட்டை.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு தட்டுத்தான் கழுவினேன்.

மார்ச் 17, திங்கள்

நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கூரை மேல இருக்குறது மெஷின் போட்டது. அதுல மாத்தமே இல்ல" என்றேன்.

"சரிப்பா."

"அதை நீ என்னைக் கேக்காம விட்டது தப்பு. அதுலயும் மாத்தமில்ல."

"சரிப்பா."

"பானட்ல இருக்குற வட்டம், கதவுக்கு உள்ள இருக்குறது… அது என் கை."

போனைக் காதோடு இன்னும் அழுத்தினேன். கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குதுப்பா." மூக்கை உறிஞ்சினாள். "இதக் கண்டுபிடிக்க எத்தனை தடவ கதவத் திறந்து மூடுனீங்க?"

"ஒரு தடவைதான். நான் என்ன முட்டாளா?"

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்? நர்ஸம்மா எனக்கும் பேசுனாங்க. நீங்க கூப்பிடுவீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

அப்படியென்றால் நான் கூப்பிடாமல் இருந்திருந்தாலும் வந்திருப்பாளா? கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது.

இனி நடக்க வேண்டியவை. மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன்.

பங்க் மேற்பார்வையாளர்: சேற்று வண்டி போனபின் வெறும் பிரஷ்ஷைத் தண்ணீரில் ஓட்டி அலச வேண்டும். மேல் பிரஷ்ஷின் துணி நைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். இதைச் சொல்ல நான் போவேன், அவர் டீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்.

மாப்பிள்ளை: தனக்குத் தெரிந்த பெயின்ட் பட்டறையில் பாலிஷ் போடக் கேட்டுவர வேண்டும். பானட்டுக்கும் கூரைக்கும் மட்டும். கதவின் உள்விளிம்பைத் தொடக்கூடாது. அது எனக்கு நினைவிருக்கட்டும்.

நான்: பனியன் துணிகளைக் குப்பையில் போட வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். ஒரு வாளியில் சோப்பு, துணியை அலச இன்னொரு வாளி. மெத்தென்ற துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. வாரம் ஒருமுறை போதும். மற்ற நாள்களில் கையில் துணி இல்லாமலே வாசலில் நிற்கப் பழக வேண்டும். யார் என்ன நினைத்தாலும் சரி.

மாடியில் இருப்பவர்: மணி பார்க்கக் கடிகாரம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மகள்: வியாழன் காலை வர வேண்டும். என் காரை அவளே ஓட்ட வேண்டும். பங்க் இருக்கும் தெரு வழியாகப் போகக்கூடாது. கட்டு அவிழ்க்கும்போது என் எதிரில் நிற்க வேண்டும்.

நான்: முதலில் அவளைப் பார்க்க வேண்டும். கார் அப்புறம்.