நாற்பத்தாறும் ஒரே உயரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தம்பி லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான், இரண்டாம் முறையில்தான், முதல் முறை சோதனை வைத்த அதிகாரியின் ஸ்கூட்டரையே உரசிவிட்டான். நீயும் நானும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. வாயால் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

போன மாதம் மேஸ்திரி எங்கள் நாலு பேரை ஒரு வேலைக்குக் கூட்டிப்போனார். நீ வெளிநாடு போகுமுன் ஐந்து வருஷம் வேலை பார்த்தாயே, அதே நகரம்தான். பதினோராவது மாடியில் ஒரு வீட்டுக்குத் தரைக்கல் பதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் தட்டுகிற சத்தம் கேட்கக்கூடாதாம், அதனால் அன்றைக்கு லீவு. மற்ற மூன்று பேரும் துணி துவைத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். 'அவசரம்' என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள்கூட அன்று அவசரமே இல்லாமல் குறட்டை விட்டான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பெரிய ஊருக்குப் புதிதாகப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிக்க வேண்டும் என்று அன்று ஒரு வழி கண்டுபிடித்தேன், உனக்கும் சொல்கிறேன், புது ஊர் போனால் செய்து பார். ஊர் எழுந்திருக்கிறதுக்கு முன்னால் நாம் எழுந்துவிட வேண்டும். எட்டு வண்டி சேர்ந்து போகிற சாலை, ஒரு வண்டி இல்லை, யாருக்காகவோ சிவப்பு விளக்கு எரிந்தது, நானும் மரியாதையாக நின்றேன், பச்சை வந்த பிறகுதான் கடந்தேன். அப்புறம் நாள் முழுக்கச் செல்லுகிற பஸ் டிக்கெட் ஒன்று வாங்கி, எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்ப வேண்டும். நாற்பது வருஷமாகக் கட்டுகிறவன், கட்டடங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்கே கழுத்து வலித்தது. மேகம் வந்து ஒரு கட்டடத்தின் பாதியை மறைத்தது, இது பொய்யில்லை, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இத்தனை செங்கல்லையும் இத்தனை கம்பியையும் யாரோ ஒருவர் கையால் தொட்டுத்தானே வைத்திருப்பார் என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

மூன்றாவது பஸ் போய் நின்ற இடம் நீ வரைபடம் போட்ட ரயில் நிலையம். தெரியாமல் போனேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பஸ் நெற்றியில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அது திறந்தபோது நீ எனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பி, வாங்கப்பா, என் பங்கையும் பாருங்கப்பா என்று மூன்று தடவை கேட்டாய். காகிதத்தில் கோடு போடுவதற்குப் பேர் கட்டுவதா, சாந்து படாத கைக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் கேட்டேன். அதோடு நீ போனை வைத்தாய். அடுத்த மாதமே வெளிநாடு போனாய், வழியனுப்பக்கூட நான் வரவில்லை.

உள்ளே போனதும் முதலில் தூணைத் தேடினேன். பழக்கம், எந்தக் கூரையின் கீழே நின்றாலும் இதை எது தாங்குகிறது என்று கண் போகும். நடுவில் ஒரு தூண்கூட இல்லை! இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்து எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. அவ்வளவு பெரிய கூரை தலைக்கு மேலே நிற்கிறது, அதன் கீழே ஜனங்கள் பன் தின்றுகொண்டு சாவகாசமாகப் போகிறார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்து நின்றேன், ஒரு பெண் வந்து தொலைந்து போய்விட்டீர்களா என்று கேட்டாள்.

மேற்குப் பக்கத்து வளைந்த படிக்கட்டு உன் பங்கு என்று அம்மா சொல்லியிருந்தாள். வளைந்த படிக்கட்டு எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரியும். உள்பக்கம் குறுகும், வெளிப்பக்கம் விரியும், நடக்கிற தடத்தில் மட்டும் அகலம் மாறக்கூடாது. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், ஒளிப்பானேன். சட்டைப்பையில் டேப் இருந்தது. கீழ்ப்படியில் உட்கார்ந்து உயரத்தை அளந்தேன், ஆறு அங்குலம். அடுத்தது ஆறு. அதற்கு அடுத்தது ஆறு. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், ஜனங்கள் என்னைச் சுற்றிப் போனார்கள். இருபதாவது படியில் காவலாளி வந்து, "பெரியவரே, என்ன பண்றீங்க? எந்திரிங்க" என்று அதட்டினான். "இது என் பொண்ணு கட்டுனது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் என்னையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெறந்த நாள்லேர்ந்து இங்கதான் நிக்கிறேன், மழை நாள்லகூட இதுல ஒருத்தர் தடுக்கி விழுந்து பார்த்ததில்ல, ஓரமா உட்கார்ந்து அளந்துக்கோங்க" என்று போய்விட்டான். மொத்தம் நாற்பத்தாறு படி. நாற்பத்தாறும் ஒரே உயரம்.

அதன் பிறகு நான் எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. மேலே கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து சாயங்காலம் வரை கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி தூக்குகிறவன் கால், போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவள் கால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கவே முடியாதவள் கால். கண் தெரியாத ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு வந்தார், முதல் நாலு படிக்குத்தான் தட்டினார், பிறகு கோலைத் தூக்கிக்கொண்டு சும்மா ஏறிப் போனார். ஆயிரக்கணக்கான பேர், ஒருவர்கூடக் குனிந்து படியைப் பார்க்கவில்லை. முகம் தெரியாத இத்தனை பேர் உன் கணக்கை நம்பிக் காலை வைக்கிறார்கள், நம்புகிறோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

நம் வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. நான் கட்டியது. மேலே தரைக்கல் பதிக்கப் போகிறேன் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் கட்டிவிட்டேன், கல் பதித்ததும் கடைசிப் படி முக்கால் அங்குலம் உயர்ந்துபோயிற்று. வருகிறவர் எல்லாம் அங்கேதான் தடுக்குவார்கள், பார்த்து நடக்கத் தெரியாதா என்று எல்லோரையும் ஏசுவேன். எட்டாம் வகுப்பில் நீ பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, அப்பா, இந்தப் படி தப்பு என்றாய். உன் ஸ்கேலைப் பிடுங்கி உடைத்துப் போட்டேன். அம்மா முழங்காலை உடைத்துக்கொண்டதும் அந்தப் படியில்தான், அன்றைக்கும் அவளைத்தான் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் கூடத்தைக் கோணலாகக் கட்டிவிட்டு ஆடுகிறவளைக் குறை சொன்னேன். ஊர் திரும்பிய மறுநாள் படிக்கட்டு முழுவதையும் இடித்துவிட்டேன். புதிதாகக் கட்டி முடித்து இன்றோடு ஒன்பது நாள். அம்மாவிடம் தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன், அவள் அது எனக்கு அப்பவே தெரியும் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மேலே போனாள். உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான், மகளே. நீதான் சரியாக அளந்தாய்.

சாரத்தில் ஏறும்போது பெல்ட் மாட்ட மறக்காதே, எத்தனை பெரிய இன்ஜினீயரானாலும் விழுந்தால் எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான். குளிருக்கு நல்ல பூட்ஸாக வாங்கிக்கொள். இன்னும் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது, டீ குடிக்கப் போகிறேன் என்று நான் வெளியே போவதாக அம்மா சொல்லியிருப்பாள். நான் எங்கேயும் போவதில்லை, ஜன்னலுக்கு வெளியே நிற்பேன். நீ பேசுவது கேட்காது, அம்மா "அப்படியா, அப்படியா" என்பது மட்டும் கேட்கும், அதை வைத்து நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்வேன். இந்த ஞாயிறு போனை நான்தான் எடுப்பேன். என் குரலைக் கேட்டு நீ வைத்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அடுத்த ஞாயிறும் நான்தான் எடுப்பேன்.

நூறு வயசு நன்றாக இரு, தாயே. தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா