சனிக்கிழமை மாத்திரை

இப்போதுதான் திரும்பக் கிடைத்த விரல்கள், அவற்றை மறுபடியும் விட்டுக்கொடு என்கிறாரே இவர் என்று ஆக்ஸிலியாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை சனிக்கிழமை போடும் முடக்குவாத மாத்திரையை விட வேண்டுமாம். 'இந்தச் சனிக்கிழமையே நிறுத்திரு' என்று நேற்று சொன்ன கணவன் செல்வின், இன்று வெள்ளனே டூரிஸ்ட் வண்டியோடு கிளம்பிவிட்டான். செண்பகனூர் குளிரில் விரல்கள் மடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்.

"ஏங்க, சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. ரசத்தைச் சுட வச்சுக்கங்க. மத்தியானம் ஆயக்குடியில இருந்து உங்க அக்கா கொய்யாவோட வர்றாங்க. நான் ரத்த டெஸ்ட்டுக்கு வத்தலக்குண்டு போயிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.

பாத்ரூம் தாழ்ப்பாளை மாத்துங்க. மாத்திரைக்கு முந்தி அன்னைக்குக் கை வராம நாலு மணி நேரம் உள்ளயே கெடந்தேன். நீங்க வந்து கதவை உடைச்சீங்க. புதுசும் அதே மாதிரி இறுக்கமா வாங்கி வச்சிருக்கீங்க.

டாக்டரம்மா சொன்னாங்கள்ல, ரத்தத்துல சண்டை போடுற அணு இருக்கு, போதும்னு அதை அடக்குற அணுவும் இருக்குன்னு. எனக்கு அடக்குறது கொறஞ்சு போச்சு. மாத்திரையால இப்பத்தான் ரெண்டும் சமமா வருது. எனக்கும் பிள்ளை ஆசை இருக்குங்க. தூக்குறதுக்குக் கையும் வேணும்."

தாள் முடிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"கொய்யா எனக்கு ரெண்டு எடுத்து வைங்க. இந்த வார மாத்திரையைப் போட்டுட்டேன்."