செவ்வாய்க்கிழமைகளில் சாத்திய கதவு

அக்கா, பக்கத்து வீட்டில் சீலா மீன் பொரிக்கிறார்கள். நீ போய் ஐந்து மாதமாகியும் என் கை தானாக ஜன்னலைச் சாத்தப் போகிறது.

இனி நோயைக் குணமாக்க முடியாது, உபாதைகளைக் குறைக்கலாம் என்று டாக்டர் கைவிரித்ததும் உன்னை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். உனக்குப் பிடிக்குமே என்று தினமும் மீன் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, "ஏளா, நல்லாருக்கு" என்பாய்.

செவ்வாய்க்கிழமைதோறும் வலித் தணிப்புக் குழுவிலிருந்து நர்ஸ் ஜெசிந்தா வருவாள். மருந்தைப் பார்த்தபின், "அக்கா, ஒரு பத்து நிமிசம் வெளிய இருங்க" என்று என்னை அனுப்பிக் கதவைச் சாத்துவாள். என் வீட்டில், என் அக்காவிடமிருந்து என்னை. உள்ளே நீ சிரிப்பது கேட்கும். நான் வேண்டுமென்றே மிக்ஸியை ஓடவிடுவேன்.

நான்காவது செவ்வாயன்று அவளே என்னை உள்ளே அழைத்தாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "ஏளா, மீன் வாடை கொமட்டுது. கொஞ்ச நாள் வேண்டாம்."

குழம்பைத் தின்றுவிட்டு நீ ரகசியமாக வாந்தி எடுத்தது அன்றுதான் ஜெசிந்தா சொல்லித் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"நேத்து வந்தவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்ல முடியலையோ?"

"ஒங்கிட்ட சொன்னா நீ அழுவ. பொறவு நான்தான் ஒன்னத் தேத்தணும். அதுக்கு எனக்குத் தெம்பில்லளா."

ஜெசிந்தா உன் கையைப் பிடித்திருந்தாள். நான் பிடித்திருக்க வேண்டிய கை.

அதன்பின் ஆறவைத்த கஞ்சியும் எலுமிச்சை ஊறுகாயும்தான். அவள் கேட்பதுபோலவே நானும் சாயங்காலங்களில் கேட்கப் பழகினேன்: "பத்துக்கு வலி எத்தனக்கா?" முதல் இரண்டு நாள் மழுப்பினாய். நான் அழமாட்டேன் என்று உறுதியானதும், "ஆறு" என்றாய். மருந்தை எடுக்கப் போகும்போது எனக்குச் சந்தோஷம். வலி ஆறு என்று வருந்தாமல், என்னிடம் சொன்னாயே என்று சந்தோஷம். வெட்கக்கேடுதான், மன்னித்துக்கொள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஜெசிந்தா வந்திருந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அழுறப்பகூட ஒங்களப் பத்திதான் பேசுவாங்கக்கா. தனியா ஆயிருவாளேன்னு" என்றாள்.

"அக்கா அழுவாளா?" என்று கேட்டேன்.

அப்பா செத்தபோது நீ அழவில்லை. உன் கல்யாணம் நின்றுபோனபோதும் மறுநாளே துறைமுக ஆபீசுக்கு வேலைக்குப் போனாய். நீ அழத் தெரியாதவள் என்றே நினைத்திருந்தேன். ஜெசிந்தா நல்லவள், அவளுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். இதுவரை வாய் வரவில்லை. அவள் பார்த்திருக்கிறாள் அக்கா, நீ அழுவதை. ஐம்பத்திரண்டு வருடம் கூடப்பிறந்தவளாக இருந்தும், நீ அழுதால் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.