ஆறு பூஜ்யங்கள்

முகட்டு முகாம்,
நவம்பர் 8

அக்காவுக்கு,

நலமா என்று ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் பாதியில் கத்திவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் அலுவலகம் அச்சடித்த அறிக்கை நேற்று மளிகை வண்டியில் வந்தது. இந்த முகட்டில் நின்று நான் எண்ணிய பருந்துகளின் கணக்கு ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அக்டோபர் 3 முதல் 8 வரை என்ன போட்டிருக்கிறாய்? பூஜ்யம். வரிசையாக ஆறு பூஜ்யம். அடியில் ‘தொகுத்தவர்’ என்று உன் கையெழுத்து.

நான் அனுப்பிய தாளில் அந்த ஆறு நாளுக்கும் கோடு போட்டிருந்தேன். கோடு என்றால் எண்ண ஆள் இல்லை. பூஜ்யம் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று பார்த்தும் ஒன்றுகூட வரவில்லை. பதினோரு வருஷமாக என் தாள்களைத் தொகுக்கிற உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? ஒரு பூஜ்யம் எழுத நான் கழுத்து ஒடிய வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறு எழுதிவிட்டாய்.

வடகாற்று திரும்புகிற வாரம் அது. தேன்பருந்துகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போகும். போன வருஷம் அந்த ஆறு நாளில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் எண்ணினேன். மொத்தப் பருவத்தில் பாதிக்கு மேல் அதுதான். இப்போது உன் அறிக்கை சொல்கிறது: ‘பறவைகள் வெகு குறைவு. காற்றாலை அமைக்கத் தடையில்லை.’ இருபத்திரண்டு காற்றாலை, அக்கா. அவற்றின் இறக்கை சுற்றும் உயரத்தில்தான் இந்தப் பருந்துகள் வருகின்றன.

அந்த ஆறு நாளும் நான் எங்கே இருந்தேன் என்று யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், உன் கட்டிலுக்குப் பக்கத்தில்.

மறுப்பு அனுப்ப முப்பதாம் தேதி கடைசி நாள். அதற்குள் திருத்து.

— தங்கை


நவம்பர் 12

அன்புள்ள வாலுவுக்கு,

பெரியவள் என்ற மரியாதைக்காவது ‘எப்படி இருக்கிறாய்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தையல் பிரித்தாகிவிட்டது. இடது கையைத் தூக்கித் தலை வாரத்தான் இன்னும் முடியவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் கோட்டை ஏற்காது, எண்தான் கேட்கும். மேலாளர், “சும்மா சைபர் போட்டு முடிங்கம்மா, ஆறு நாள்ல என்ன வந்துடப் போகுது” என்றார். போட்டேன். அதற்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறாய்? வானத்தில் போகிறதெல்லாம் உன் கண்ணில் படும், பக்கத்தில் இருப்பவள் படும் பாடு மட்டும் படாது. ஆஸ்பத்திரிக்கு வா என்று நான் கூப்பிட்டேனா? நீயாக வந்தாய், இப்போது சொல்லிக் காட்டுகிறாய்.

அறிக்கை அச்சாகிவிட்டது. இனி நான் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் ஆகாது.

— அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. அதே அறிக்கையில் கிழக்கு முகட்டுக்காரர் காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் கோடாகவே அச்சாகியிருக்கிறது. அவர் கோட்டை விழுங்கிய கம்ப்யூட்டர் என் கோட்டை மட்டும் துப்பிவிட்டதா?

கூப்பிட்டேனா என்று கேட்கிறாய். மயக்கம் தெளிந்ததும் “போயிடாதடி” என்று என் விரலைப் பிடித்துக்கொண்டது யார்? ஜன்னலில் காற்று திரும்பியது எனக்குத் தெரிந்தது. மேலே பருந்துகள் கிளம்பியிருக்கும் என்றும் தெரிந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நாட்களை ஒன்றுமில்லை என்று நீ எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

யாருக்குப் பயந்து செய்தாய்? அதை மட்டும் சொல்.

— தங்கை


நவம்பர் 20

வாலுவுக்கு,

ஆமாம், பொய்தான். மேலாளரிடம் நான் கேட்கவே இல்லை.

கம்ப்யூட்டர் கோட்டை ஏற்கும். ஆனால் கோடு போட்டால் காரணம் கேட்கும். அதோடு அந்தத் தாளைச் சரிபார்க்க எதிர் மேசைக்குக் கொடுக்க வேண்டும். பூஜ்யம் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. உன் தாளில் காரணம் என்ற இடத்தில் நீ கொட்டை எழுத்தில் என்ன எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ‘அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன்.’

உறவில் ஒரு கல்யாணம் என்று சொல்லித்தான் நான் லீவு எடுத்தேன். இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள் என்பது உனக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். உள்ளாடையில் பஞ்சு வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். போன வருஷம் இப்படி ஒருத்தியைப் பார்த்துவிட்டு எதிர் மேசைக்காரி சொன்னாள்: “பாவம்ல, இனிமே அவளுக்கு என்ன இருக்கு?” அந்தப் ‘பாவம்ல’ என் மேல் விழக்கூடாது என்று நினைத்தேன். பருந்தையும் நினைக்கவில்லை, காற்றாலையையும் நினைக்கவில்லை. தாளை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் பூஜ்யத்தை அடித்தேன்.

காறித் துப்பு, வாங்கிக்கொள்கிறேன். திருத்த மட்டும் சொல்லாதே.

— அக்கா


நவம்பர் 23

அக்கா,

அப்படி எழுதியது என் தப்பு. காரணம் என்று கேட்டிருந்தது, உண்மையை எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

அதனால் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே. பருந்துகளை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது. மறுப்பை நானே எழுதிவிட்டேன். உன் பேச்சே அதில் இல்லை. ‘எண்ணுபவர் அனுமதியின்றி முகாமை விட்டு ஓடிவிட்டார்’ என்று காரணம் போட்டிருக்கிறேன். அதைப் படித்தபிறகு என்னை இந்த முகட்டில் ஏற விடமாட்டார்கள், என் பழைய கணக்கையும் நம்பமாட்டார்கள். போகட்டும். இருபத்தெட்டாம் தேதி மளிகை வண்டியில் கொடுத்தனுப்புவேன்.

பஞ்சு வைத்துத் தைப்பதை என்னிடம்கூட நீ சொல்லவில்லை. அதுவும் கோபம்தான்.

— தங்கை


நவம்பர் 26

வாலு,

அந்த மறுப்பைக் கிழித்துப் போடு.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து உன் தாளை எதிர் மேசையில் வைத்தேன். “சரிபாருங்க” என்றேன். அவள் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் முகத்துக்குக் கீழே பார்த்தாள். “ஐயோ, சொல்லவே இல்லையேக்கா, பாவம்...” என்று ஆரம்பித்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். “பாவம் அப்புறம் படலாம். முதல்ல அந்த ஆறு கட்டத்தையும் பாருங்க!” மொத்தக் கூடமும் திரும்பியது. மேலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பூஜ்யம் போட்டது நான்தான் என்று அவரிடமும் அதே குரலில்தான் சொன்னேன், குறைக்கத் தெரியவில்லை.

திருத்திய அறிக்கை நாலு மணிக்கு வெளியே போனது. அடுத்த பருவம் முழுக்க எண்ணிப் பார்த்த பிறகுதான் காற்றாலைக்கு முடிவு சொல்வார்களாம். என் மேல் விசாரணை உண்டு. வேலை இருக்குமோ போகுமோ தெரியாது.

நீ ஓடிப்போனதாக வேறு எவனாவது எழுதியிருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன். அதை உன் கையாலேயே எழுதினாயே, அறிவு கெட்டவளே! நீ எங்கேயும் ஓடவில்லை. ஆறு நாளும் என்னோடு இருந்தாய். காரணம் என்ற இடத்தில் அதைத்தான் அடித்திருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

— உன் அக்கா