மனேஜருக்கு அனுப்பிய மிளகாய்த்தூள்

அன்பு மகன் நிருஷனுக்கு,

நீ லண்டன் மேடையில் என்னைப் பற்றி விட்ட பகிடி போன செவ்வாய்க்கிழமை கொடிகாமம் சந்தைக்கு வந்து சேர்ந்துவிட்டது. தேங்காய் வாங்க வந்த தம்பிராசா அண்ணை போனில் உன் வீடியோவை என் முகத்துக்கு நேரே பிடித்து, "அருமைநாயகி, மனேஜருக்குத் தூள் போதுமாமோ?" என்று கேட்டார், நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மற்றபடி நான் சுகம், முழங்கால் நோ குறைவு, தங்கச்சி தர்சிகாவும் சுகம், உன்னை அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் பகிடி விட்டுத் தப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சொன்னதில் பொய் இல்லை. "கொம்பனியிலை சேர்ந்திட்டன் அம்மா, மேஜர் நல்ல மனிசன்" என்று நீ அன்றைக்குச் சொன்னதை நான் வேலைக் கொம்பனி என்றும் மனேஜர் என்றும் விளங்கிக்கொண்டு, அவருக்கு மூன்று கிலோ மிளகாய்த்தூள் இடித்து அனுப்பினேன். ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடமே தர்சிகா உன் பட்டாள உடுப்புப் படத்தைக் காட்டி, அது இங்கிலாந்து ஆமி, வேறு ஆமி என்று சொல்லிவிட்டாள். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பாதவர்களையும் இந்த வீட்டில் ஆமி என்றுதானே சொன்னோம், அந்தச் சொல்லை உன் பெயரோடு சேர்க்க எனக்கு வாய் வரவில்லை, மிச்ச ஆறு வருடமும் தெரிந்துகொண்டே கொம்பனி என்றேன். நீ உடுப்பைக் கழற்றி நாலு வருடமாகியும் வராமல் இருப்பது, அம்மாவுக்கு வெட்கம் என்று நினைத்துத்தான் என்று தர்சிகா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன் மகன். "ஓம், அவன் ஆமியிலைதான் இருந்தவன், இப்ப சனத்தைச் சிரிக்க வைச்சு உழைக்கிறான், உங்களுக்குத் தேங்காய் வேணுமோ வேண்டாமோ?" என்று கேட்டேன். தம்பிராசா அண்ணை நூறு காய் எடுத்தார். ஒரு ஓலைக் கடகம் தேங்காயோடு இந்தச் சந்தைக்கு வந்தவள் நான், சிரிப்புக்குப் பயந்திருந்தால் இன்றைக்கு லொறி ஏற்றியிருக்க மாட்டேன்.

உன் இங்கிலீசு எனக்கு விளங்கவில்லை, தர்சிகாதான் தமிழில் சொன்னாள். என்னைப்போல இடுப்பில் கை வைத்து நீ நடக்கிற இடத்தை மட்டும் ஏழு தரம் போட்டுப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய், முன்தலையில் மயிரும் குறைந்துபோயிற்று. பன்னிரண்டு வருடத்தில் என் பிள்ளை நடந்து நான் பார்த்தது அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு, கடவுச்சீட்டுக் காலாவதித் திகதியைப் பார்.

என்னைப் பற்றிப் பதினொரு பகிடி விட்டிருக்கிறாய் என்று தர்சிகா எண்ணினாள். என் சரக்கை என்னைக் கேளாமல் விற்றதற்கு ஒரு பகிடிக்கு ஒரு நாள் வீட்டில் நிற்க வேண்டும் என்று அவள் மூலம் சொல்லி அனுப்பினேன், நீ ஐந்து நாள் போதாதோ என்று கேட்டாய், நேற்று ஒன்பதில் முடித்தோம். பயண நாள் அதில் சேராது.

நீ நல்லாய் இருக்க வேண்டும்.

உன் அம்மா
அருமைநாயகி